சாவித்துவாரத்தின் இந்தப் பக்கம்

நவீனத்துவப் புனைகதை பற்றிய நம் கட்டுரைகளில் 'அந்நியமாதல்', 'அவமானம்' என்று இரண்டு சொற்கள் எப்போதும் ஜோடியாகவே வந்துகொண்டிருக்கின்றன, உப்பும் புளியும் மாதிரி. ஒன்று இருந்தால் மற்றதும் அங்கேயேதான் இருக்கும் என்கிற நினைப்பு. காஃப்காவைப் பற்றிப் பேசினாலும் இதுதான், காம்யுவைப் பற்றிப் பேசினாலும் இதுதான், நகுலனைப் பற்றிப் பேசினாலும் இதுதான். இவை இரண்டும் வேறு வேறு நிலைகள். பல பிரதிகளில் ஒன்றுக்கொன்று எதிரான நிலைகள். முதலாவதைப் பற்றி ஏராளமாகப் பேசியதன் மூலமாகவே இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இருத்தலியல் தமிழுக்குள் வந்த வழியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். எழுபதுகளில் எஸ்.வி. ராஜதுரை எக்ஸிஸ்டென்ஷியலிசம் பற்றியும் அந்நியமாதல் பற்றியும் தனித்தனியே நூல்கள் எழுதினார். 1980இல் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'அந்நியன்', 1992இல் ஏ.வி. தனுஷ்கோடி மொழிபெயர்த்த 'விசாரணை'. நடுவில் 1981இல் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. அதன் நாயகன், காம்யு விபத்தில் செத்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று இறந்துபோகிறான். ராஜதுரையாவது அந்நியமாதலை மார்க்ஸின் உழைப்பு பற்றிய சிந்தனையோடு சேர்த்துத்தான் பேசினார். கதைக்காரர்களும் விமர்சகர்களும் அதிலிருந்து உருவிக்கொண்டது வேறு: தனியாக நிற்கும் ஒரு படித்த ஆண். உலகம் அவனோடு ஒட்டவில்லை. வீடு ஒட்டவில்லை, ஆபீஸ் ஒட்டவில்லை, மனைவி ஒட்டவில்லை. சரி, ஒட்டவில்லை. ஆனால் அவன் எங்கிருந்து பார்க்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

அந்நியமானவன் பார்க்கிறவன். அவனுக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி விழுந்துவிட்டது. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிற்பதற்கு வசதியும் நேரமும் இருக்கிறது. வெட்கப்படுகிறவனோ பார்க்கப்படுகிறவன். அவனுக்கு நிற்க இடமில்லை. வேறொருவரின் கண்ணுக்குள் அவன் ஏதோ ஒரு பொருளாக ஆகிவிட்டான், அந்தப் பொருள் தான்தான் என்பது அவனுக்கும் தெரிகிறது. முன்னவனின் பிரச்சினை உலகம் ரொம்பத் தூரத்தில் இருப்பது. பின்னவனின் பிரச்சினை அது மேலேயே வந்து விழுவது.

இதற்குச் சரியான உதாரணம் இருத்தலியலின் மூலப்பிரதி என்று சொல்லப்படுகிற சார்த்தரின் 'குமட்ட'லிலேயே (1938) இருக்கிறது. ரொக்காந்தானைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. பூங்காவில் மரத்தின் வேரைப் பார்த்து அவன் அடைகிற குமட்டலை எம்.ஏ. வகுப்புக் குறிப்புகளில்கூடப் பார்க்கலாம். அவன் வேலைக்குப் போவதில்லை என்பதையும், சொந்தமாக வருகிற வருமானத்தில் ஓட்டலில் தங்கி ஒரு பழைய மார்க்கியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதையும் குறிப்புகள் சொல்வதில்லை. அதே நாவலில் இன்னொருவர் இருக்கிறார். நாவல் அவரைப் பெரும்பாலும் பட்டப்பெயராலேயே அழைக்கிறது: 'தானே கற்றவர்'. நீதிமன்ற அமீனாவிடம் குமாஸ்தாவாக இருப்பவர். நூலகத்தின் புத்தகங்களை அகரவரிசைப்படி, ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார். மனிதர்களை நேசிக்கிறேன் என்கிறார். ரொக்காந்தான் அவரைக் கேலியாகத்தான் பார்க்கிறான். படிக்கிற நாமும் கூடச் சேர்ந்து சிரிக்கிறோம்.

நாவலின் கடைசிப் பகுதியில் அந்த நூலகத்திலேயே, ஒரு பள்ளிப் பையனின் கையைத் தடவியதற்காக அவர் பிடிபடுகிறார். கார்சிகாக்காரனான நூலகக் காவலன் எல்லோர் முன்னாலும் கத்தி, அவர் முகத்தில் குத்துகிறான். மூக்கிலிருந்து ரத்தம். அந்தத் தடவலை நியாயப்படுத்துவது என் வேலையல்ல. அந்த அறையில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நடக்கப்போவதை முன்பே ஊகித்துவிட்ட ரொக்காந்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு காவலனின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான், விட்டுவிடுகிறான். மருந்துக்கடைக்குக் கூட வருகிறேன் என்கிறான். தானே கற்றவர் வேண்டாம் என்று தனியாகப் போய்விடுகிறார். இனி அந்த நூலகத்துக்குள் அவர் காலெடுத்து வைக்க முடியாது. அகரவரிசை பாதியில் நின்றுபோய்விட்டது. ரொக்காந்தான் பாரிஸுக்கு ரயிலேறுகிறான், ஒரு நாவல் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே.

அந்நியமாதல் ஒருவனுக்கு, வெட்கம் இன்னொருவருக்கு. பிரதியே இதைப் பிரித்து வைத்திருக்கிறது: வருமானம் இருக்கிறவனுக்குக் குமட்டல், குமாஸ்தாவுக்குக் குத்து. விமர்சனமோ அறுபது எழுபது வருஷமாக ரொக்காந்தானின் பின்னாலேயே நடந்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த மற்றவரைப் பின்தொடர யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1943இல், 'இருத்தலும் இன்மையும்' நூலில் சார்த்தர் வெட்கத்தைத் தத்துவமாக்கினார். பொறாமையினாலோ ஆர்வத்தினாலோ ஒருவன் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கணத்தில் அவன் வெறும் பார்வை மட்டும்தான், தன்னைப் பற்றி அவனுக்கு நினைப்பே இல்லை. பின்னால் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். அவ்வளவுதான், அவன் 'ஒளிந்து பார்க்கிறவன்' என்ற பொருளாக உறைந்துபோகிறான். வெட்கம் என்பது மற்றவர் பார்க்கிற அந்த ஆள் நான்தான் என்று ஒப்புக்கொள்வது. அதனால் மற்றமை இல்லாமல் வெட்கம் இல்லை. வெட்கம் இல்லாமல் 'நான்' என்ற தன்னிலையும் முழுசாக இல்லை. அசாத்தியமான பகுப்பாய்வு இது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே எல்லோரும் சமம். இன்று நான் குனிந்திருக்கிறேன், நீ நடந்து வருகிறாய். நாளை நீ குனிந்திருப்பாய், நான் நடந்து வருவேன். பார்வை பந்து மாதிரி இரண்டு பக்கமும் போய்வருகிறது. காலடிச் சத்தம் யாருடையதாகவும் இருக்கலாம் என்கிற இந்த ஜனநாயகம் எந்த ஊர்த் தெருவில் இருந்தது?

காஃப்காவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் 1924இல் செத்துப்போனார். 'விசாரணை' 1925இல் மாக்ஸ் பிராடின் முயற்சியால் வெளிவந்தது. யோசெஃப் க.வின் 'குற்றம் என்ன' என்று தேடுகிற வாசிப்புகள் எனக்குச் சலித்துவிட்டன. ஜன்னல்களை எண்ணிப் பார்த்தால் வேறொரு நாவல் கிடைக்கிறது. முதல் அத்தியாயம்: முப்பதாவது பிறந்தநாள் காலையில் படுக்கையில் கிடக்கிற க.வை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கிழவி பார்க்கிறாள். வந்த காவலாளிகள் அவனுடைய காலையுணவைத் தின்கிறார்கள், உள்ளாடைகளைத் தங்களிடம் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். கிழவி தன்னைவிட வயதான ஒரு கிழவரையும் ஜன்னலுக்கு இழுத்து வருகிறாள். கொஞ்ச நேரத்தில் சட்டை திறந்த, செந்தாடிக்காரன் ஒருவனும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். வேடிக்கை பார்ப்பதற்குக் கூட்டம் கூடுகிறது. க. அவர்களைப் பார்த்துக் கத்துகிறான். தன்னைக் கைது செய்தவர்களிடம் காட்டாத கோபத்தை வேடிக்கை பார்த்தவர்களிடம் காட்டுகிறான் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். போதாததற்கு, அவன் வேலை பார்க்கிற வங்கியின் கீழ்நிலை ஊழியர்கள் மூன்று பேரும் அந்த அறைக்குள்ளேயே நிற்கிறார்கள். தனக்குக் கீழே இருக்கிறவர்கள் பார்க்கும்படி ஒருவனைக் கைது செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அலுவலகத்தில் மெமோ வாங்கிய யாருக்கும் தெரியும்.

கடைசி அத்தியாயத்தில், முப்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு, கல்குவாரியில் மறுபடியும் ஒரு ஜன்னல் திறக்கிறது. மாடியில் யாரோ ஒருவர் கைகளை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். நண்பரா, உதவ வருகிறவரா என்று க. யோசிக்கிறான், பதில் இல்லை. கத்தி இறங்குகிறது. கொல்கிறவர்கள் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் சேர்த்து, அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கடைசிக் கணம்வரை கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நாவல் கடைசியாக நம் கையில் விட்டுப்போவது ஒரு சாவை அல்ல, செத்தவனையும் தாண்டி உயிரோடு இருக்கப்போகிற வெட்கத்தை. 1919இல் அப்பாவுக்கு எழுதி, அவர் கையில் போய்ச் சேராமலே போன அந்த நீண்ட கடிதத்தில் காஃப்கா இதே முடிவைத் தன்னோடு பொருத்திப் பேசுகிறார். குளிக்கப் போகும்போது உடைமாற்றும் அறைக்குள் அப்பாவின் பெரிய உடம்புக்குப் பக்கத்தில் நின்ற தன்னுடைய ஒல்லி உடம்பைப் பற்றியும் அங்கேதான் எழுதுகிறார்.

இங்கே நம்முடைய மரபைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். பழம்பெருமை பேசுவதற்கு அல்ல. வள்ளுவரின் நாணுடைமை அதிகாரம் தொடக்கத்திலேயே தெளிவாக இருக்கிறது: நாணம் செய்த வினையால் வருவது, பெண்களின் நாணம் வேறு. தப்புப் பண்ணினால் வெட்கப்படு என்பதுதான் அங்கே கணக்கு. க. எந்த வினையும் செய்யவில்லை. அவனுடைய வெட்கம் வள்ளுவருக்குள் அடங்காது. ஆனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் 'இளிவரல்' என்று ஒன்று இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் மூன்றாவது. அது பிறக்கும் நிலைக்களன்களாகச் சொல்லப்படுபவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கு. இதில் எதுவும் ஒருவன் செய்த வினையல்ல, அவன் இருக்கிற இருப்பு. ஒன்றும் செய்யாமலேயே ஒருவன் இழிந்தவனாக உணர முடியும் என்பதற்கு அன்றைக்கே ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். கிரகர் சம்சா பூச்சியாகிப் படுத்திருக்கிற அறை இந்த இளிவரலின் அறைதான். தங்கையின் கண்ணில் தன் உடம்பு படக்கூடாது என்று ஒரு போர்வையை முதுகில் சுமந்து சோபாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டு மறைத்துக்கொள்கிறான். அதற்கு அவனுக்கு நாலு மணி நேரம் பிடிக்கிறது. 'உருமாற்ற'த்தை (1915) அந்நியமாதலின் உருவகம் என்று எழுதுகிறவர்கள் இந்த நாலு மணி நேரத்தை என்ன செய்வார்கள்? உலகம் ஒட்டாதவன் போர்வை தேட மாட்டான்.

தொல்காப்பியப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. பிறப்பு.

காம்யுவை இங்கே நீட்டவேண்டியதில்லை. மெர்சோ வெட்கமே இல்லாதவன். நீதிமன்றம் அவனைத் தண்டிப்பது கொலைக்காக அல்ல, அம்மாவின் சாவில் அழாததற்காக. அதாவது மற்றவர்கள் பார்க்கும்போது பார்க்கப்படுகிறவனாக நடந்துகொள்ளாததற்காக என்று பல தடவை சொல்லப்பட்டுவிட்டது. சரிதான். ஆனால் கடற்கரையில் ஐந்து குண்டுகள் வாங்கிய அராபியனுக்கு நாவலில் பெயரே இல்லை. அல்ஜீரியரான கமெல் தாவூத் 2013இல் எழுதிய மறுவிசாரணை நாவலில்தான் அவனுக்கு மூசா என்று பெயர் கிடைத்தது. வெட்கமில்லாமல் இருப்பதற்கும் ஒரு சலுகை தேவைப்படுகிறது என்பது இவ்விரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தால் விளங்கும்.

சார்த்தரின் தாழ்வாரத்துக்கு வரலாற்றைக் கொண்டுவந்தவர் ஃபனான். 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஒரு வெள்ளைக் குழந்தை தன் அம்மாவிடம் அவரைச் சுட்டிக்காட்டிப் பயப்படுகிறது. இவர் எந்தச் சாவித்துவாரத்திலும் குனிந்திருக்கவில்லை, சும்மா போய்க்கொண்டிருந்தார். குனிவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டார். சார்த்தர் மற்றமை பற்றிச் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் கறுப்பனுக்கு வெள்ளையன் வெறும் மற்றவன் அல்ல, எஜமானனும்கூட என்று ஃபனான் ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போகிறார். புத்தகம் முழுவதும் அந்த அடிக்குறிப்பின் விரிவு என்றுகூடச் சொல்லலாம்.

'கருக்கு' (1992) நூலில் வருகிற வடைப் பொட்டலத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள். தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய்க் குனிந்து நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் விளக்குகிறார், சிரிப்பு நின்றுபோகிறது. கவனியுங்கள்: காலடிச் சத்தம் கேட்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தவள் அவள்தான். சார்த்தரின் கணக்குப்படி அவள் பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறாள். ஒரு விளக்கத்தில் அந்த இடம் புரண்டுவிடுகிறது: நான் வேடிக்கை பார்த்தது என்னைத்தான். பாமாவிடம் அது உடனே ஆத்திரமாகிறது, அந்தப் பொட்டலத்தைத் தானே தொட்டுவிட வேண்டும் என்கிற ஆத்திரம். இந்தப் பார்வைக்கு ஒரு ஆள் தேவையில்லை. அது தெருவின் அமைப்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது, யாரும் ஜன்னலைத் திறக்காதபோதும் பார்த்துக்கொண்டேயிருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும். 'விசாரணை' வெளிவந்த அதே 1925இல்தான் இங்கே 'குடிஅரசு' தொடங்குகிறது, சுயமரியாதை என்ற சொல் ஓர் இயக்கமாகிறது. மானத்தையும் இழிவையும் தனிமனிதக் குணங்களாக விடாமல் பொதுமேடை அரசியலாக்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அப்படி ஓர் அரசியல் மொழி கையில் இருந்தபோதும், நம் நவீனத்துவப் புனைகதை அந்தப் பக்கம் திரும்பாமல் பாரிஸிலிருந்து அந்நியமாதலைத் தருவித்துக்கொண்டது. ஆதவனிடம் மட்டும் பார்க்கப்படுவதைப் பற்றிய ஓயாத பதற்றம் இருந்தது; 'காகித மலர்கள்' (1977) நாவலின் தில்லிவாசிகள் எந்நேரமும் யாரோ பார்க்கிறார்கள் என்றே வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் 'யாரோ'வும் பெரும்பாலும் அவர்கள் வர்க்கம்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கைதட்டும்: பார்த்தீர்களா, நவீனத்துவம் முழுக்க மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் முனகல், குப்பையில் போடுங்கள். தொண்ணூறுகளில் இந்தக் குரலை நிறையக் கேட்டோம். எனக்கு உடன்பாடில்லை. காஃப்காவைத் தூக்கிப்போட்டால் அந்த நாலு மணி நேரப் போர்வையையும் தூக்கிப்போடுகிறோம். இந்தக் குரலுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. வெட்கம் அடுத்த பக்கத்திலேயே கோபமாக மாறிவிட வேண்டும், அதற்கடுத்த பக்கத்தில் போராட்டமாக. மாறாவிட்டால் 'எதிர்மறை', 'நம்பிக்கை வறட்சி' என்று முத்திரை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலின் ஆரோக்கியத்தைப் பற்றி அப்படி எத்தனை பேச்சு! தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற குடும்பத்துப் பெண் அவள். ஒடுக்கப்பட்டவர்களின் பார்வையும் இன்னொருவரைக் குனிய வைக்கும் என்பதைக் காட்டிய நாவல் அது. அந்த இடத்தில் நின்று பேசுவது சங்கடம்தான். புனைகதை அந்தச் சங்கடத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, என்ன கெட்டுவிட்டது?

வெட்கத்திலிருந்து அரசியலுக்கு வழி இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. 1843இல் ஹாலந்தில் படகில் போய்க்கொண்டிருந்தபோது ரூகேக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ், ஜெர்மானியனாக இருப்பதற்காகத் தான் அடைந்த வெட்கத்தைப் பற்றிப் பேசுகிறார். வெட்கம் உள்நோக்கித் திரும்பிய கோபம், ஒரு தேசமே உண்மையில் வெட்கப்பட்டால் அது பாயப்போகிற சிங்கம் மாதிரி என்பது அவர் வாதம். 1961இல் ஃபனானின் கடைசிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய சார்த்தர் மார்க்ஸின் அந்த எண்ணத்தை எடுத்து ஐரோப்பிய வாசகர்களின் முன்னால் வைக்கிறார்: இந்தப் புத்தகத்தைப் படியுங்கள், வெட்கப்படுவீர்கள். 1943க்கும் 1961க்கும் நடுவில் அல்ஜீரியா இருக்கிறது. தாழ்வாரத்தில் எல்லோரையும் சமமாக நிறுத்தியவர், இப்போது பார்த்தே பழகியவர்களைத் தனியாகக் கூப்பிட்டு வெட்கப்படச் சொல்கிறார். பந்து திரும்பி வந்துவிட்டது. குனிந்தவனின் வெட்கம் ஒன்று, குனிய வைத்த கூட்டத்தில் பிறந்துவிட்டவனின் வெட்கம் இன்னொன்று. இரண்டாவதை எழுதுவது முதலாவதைவிடக் கஷ்டம். சுலபத்தில் அது தற்பெருமையாகிவிடும்: பார், நான் எவ்வளவு வெட்கப்படுகிறேன்!

தமிழில் அதை எழுதிய பிரதி என்று நான் எடுத்துச் சொல்வது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). அசோகமித்திரனை நம்மவர்கள் அன்றாடத்தின் எழுத்தாளர், மெல்லிய அங்கதக்காரர் என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். செகந்திராபாத்தில், ரயில்வே குடும்பத்தில் வளர்கிற சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், ரஜாக்கர்களுக்குப் பயந்து நடக்கிறான். நாவலின் பெரும்பகுதிவரை அவன் பார்க்கிறவன்தான், சற்றே அந்நியமானவனும்கூட. தமிழ் பேசுகிறவன், அந்த ஊரின் சண்டை முழுசாக அவனுடையது இல்லை. 1948இல் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்த பிறகு யார் யாரைத் துரத்துவது என்பது தலைகீழாகிறது. கலவரத்துக்கு நடுவே ஓடுகிற சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிற குடும்பம். அவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு இளம்பெண் தன் உடைகளைக் களைந்து அவன் முன்னால் நிற்கிறாள்.

அவன் அதற்காக வரவில்லை. அவன் கையில் ஆயுதம் இல்லை, மனதில் அப்படி ஒரு நினைப்பும் இல்லை. ஆனால் அவள் கண்ணில் அவன் யார் என்பது தீர்மானமாகிவிட்டது. அந்தத் தீர்மானத்துக்கு அவனுடைய நல்ல மனசு ஒரு பதிலே இல்லை. நிர்வாணமாக நிற்பவள் அவள், பார்க்கப்பட்டவன் அவன். சார்த்தரின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது, அவருடைய சமத்துவம் மட்டும் இல்லை: அவன் ஓடிப்போகலாம், அவளால் முடியாது. வெளியே அவனைப் போன்ற பெயர் உள்ளவர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அவன் அந்த வீட்டைவிட்டு ஓடுகிறான். மன்னிப்புக் கேட்கவில்லை, பாடம் கற்கவில்லை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1992க்கும் 2002க்கும் பிறகு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கிறபோது, அந்தப் பெண் உடையை எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டாள், அதன் பிறகு கதவை வேறு யார் தட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நாவல் அவனோடு தெருவுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட வேண்டிய நாவலைச் சந்திரசேகரனால் எழுத முடியாது.